இடமும் மடமும்

'இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்ற பழமொழியை எம்மவர் விவாதங்களில் ஒரு நிரூபணமாகவே பாவிக்கிறார்கள். தர்க்கவியலில் இது சறுக்குச் சரிவு வாதம். முதற்படியை அனுமதித்தால் இரண்டாவது, மூன்றாவது என்று பாதாளம்வரை போக நேரிடும். ஆகவே முதற்படியே கூடாது. முதற்படியில் என்ன தவறு என்று மட்டும் எவரும் சொல்வதில்லை.

1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டா - செல்வா ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பேசப்பட்டவை பிரதேச சபைகள். விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி, காணி, குடியேற்றம் போன்ற அதிகாரங்கள். எதிர்த்தோர் மீன்பிடியையோ வீதியையோ பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. இன்று சபை, நாளை சமஷ்டி, மறுநாள் தனிநாடு என்றார்கள். தமிழரசுக் கட்சியின் பெயரிலிருந்த 'அரசு' என்ற சொல்லே அவர்களுக்குச் சாட்சியமாயிற்று. ஒக்டோபரில் ஜே.ஆர். கண்டிக்கு நடக்கப் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் குந்தியிருக்க, ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்ததும் 'நாங்கள் அன்றே சொன்னோம்' என்பது அவர்களுக்கு வசதியான பேச்சு. ஆனால் அந்த முதற்படி வைக்கப்படவேயில்லை. வைக்காத படியில் சறுக்குவது எப்படி? அதற்காக, மறுத்ததால்தான் எல்லாம் நடந்தது என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அதுவும் இன்னொரு பழமொழிதான். 1958 கலவரம், தரப்படுத்தல், 1972 யாப்பு என்று இடையிலுள்ள கண்ணிகளை ஒவ்வொன்றாகக் காட்டினால்தான் அது வரலாறு. கண்ணிகள் நிச்சயமற்றவையாயின் சங்கிலி விரைவில் நொய்ந்துபோகும்: ஐந்து படிகள், முந்தியது நிகழ்ந்தால் அடுத்தது நிகழ நூற்றுக்கு 80 வாய்ப்பு என்று வைத்தாலும், கடைசிப் படிக்கு எஞ்சுவது ஏறக்குறைய 33தான்.

எல்லாச் சரிவும் கற்பனையல்ல. சிங்களம் மட்டும் என்றால் ஒரு நாடு இரண்டாகலாம் என்று 1956இல் கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்ததும் இதே வடிவந்தான். அதன் கண்ணிகளை நாம் விரல்விட்டு எண்ணலாம். உத்தியோகம் இழந்த எமது தகப்பன்மாரே அதில் ஒரு கண்ணி.

எங்களிடமும் ஒரு சரிவு வாதம் புழங்கியது. இயக்கத்தை விமர்சித்தால் ஒற்றுமை குலையும், குலைந்தால் எதிரி வெல்வான், ஆகவே விமர்சிப்பவர் துரோகி. இந்தச் சங்கிலியை எவரும் பரிசோதிக்கவில்லை. மெய்யாகவே இருந்த சரிவோ எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தது. 1975இல் யாழ். மேயர் துரையப்பா சுடப்பட்டபோது 'துரோகி' என்பது மேடைகளில் சாதாரணச் சொல். 1986இல் அது டெலோப் பொடியளுக்கு. 1989 ஜூலையில் அமிர்தலிங்கத்துக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் 'முறிந்த பனை'யை எழுதியவர்களில் ஒருவரான ரஜனி திராணகம. 1994 மே முதலாம் திகதி பாரிஸில் சபாலிங்கம் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

2009க்குப் பின்னர் அதே வாதம் ஜெனீவாவின் பெயரால் வருகிறது. இதையெல்லாம் இப்போது எழுதினால் எமக்கு எதிராகப் பயன்படுத்துவார்களாம். எந்தப் பந்தியை, யார், எந்த இடத்தில் என்று நாம் கேட்டால் பதில் வருவதில்லை. பழமொழிதான் திரும்ப வருகிறது.