சிப்பைப் படித்துத் திறக்கும் பூனைக் கதவு

பூனைக் கதவு என்பது வீட்டுக் கதவின் அடிப்பகுதியிலோ சுவரிலோ கண்ணாடியிலோ வெட்டிய துளையில் பொருத்தப்படும் சிறிய தொங்கு மடல். மேல் விளிம்பில் கீல் இருக்கும். பூனை தலையால் முட்டினால் மடல் ஆடி வழிவிடும். பூனை கடந்ததும் தானாகவே மூடிக்கொள்ளும். வளர்ப்புப் பூனை வெளியே உலவிவிட்டு வருவதை இயல்பாகக் கொள்ளும் பிரிட்டனில் பின்வாசல் கதவுகளில் இதைப் பரவலாகக் காணலாம். வழக்கமும் பழையதுதான். எக்ஸிடர் பேராலயத்தில், வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் எலி பிடிக்கும் பூனைக்காக வெட்டிய வட்டத் துளை இன்றும் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில், மில்லர் சொல்லும் கதையில் வரும் வேலைக்காரன் பூனை நுழையும் துளை வழியாகத்தான் பூட்டிய அறைக்குள் எட்டிப் பார்க்கிறான்.

வெறும் துளைக்கும் சாதாரண மடலுக்கும் ஒரே குறைதான்: எந்தப் பூனை வந்தாலும் வழிவிடும். உள்ளே நுழையும் அந்நியப் பூனை தட்டிலுள்ள உணவைத் தின்னும், மூலைகளில் சிறுநீர் பீய்ச்சி எல்லை குறிக்கும், வீட்டுப் பூனையை அதன் சொந்த இடத்திலேயே விரட்டும். இதற்கு முதலில் வந்த தீர்வுகளில் ஒன்று கழுத்துப்பட்டையில் தொங்கும் காந்தம். காந்தம் நெருங்கினால் தாழ் விலகும். பக்கத்து வீட்டுப் பூனையும் காந்தம் கட்டியிருந்தால் அதற்கும் விலகும். தவிர, கிளையில் சிக்கினால் தானே கழன்றுகொள்ளும் கழுத்துப்பட்டைதான் பூனைக்குப் பாதுகாப்பானது. அது கழன்று விழுந்த இரவில் பூனை மழையில் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பூனையின் தோலுக்கடியில் ஏற்கெனவே இருக்கும் அடையாளச் சிப்பையே சாவியாக்கி இந்தச் சிக்கலைத் தீர்த்தது ஷூர்ஃபிளாப். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இயற்பியலாளர் நிக் ஹில் உருவாக்கிய இந்தக் கதவு இப்போது ஷூர் பெட்கேர் என்ற பெயரில் விற்பனையாகிறது. சிப் ஓர் அரிசி மணி அளவே இருக்கும். கால்நடை மருத்துவர் அதை இரு தோள்பட்டைகளுக்கும் இடையே ஊசி மூலம் செலுத்துவார். அதில் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியின் கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் பெற்று, தனக்குரிய எண்ணைத் திருப்பி அனுப்பும். ஐஎஸ்ஓ 11784, 11785 தரநிலைகளின்படி அந்த எண் 15 இலக்கம் கொண்டது, அலைவெண் 134.2 கிலோஹெர்ட்ஸ். பூனை எங்கே திரிகிறது என்பதைச் சிப் காட்டாது; பலரும் அப்படி நம்பி ஏமாறுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வார வயதுக்குள் வளர்ப்புப் பூனைக்குச் சிப் பொருத்துவது சட்டப்படி கட்டாயம். ஆகவே அங்கே பெரும்பாலான வீடுகளில் சாவி ஏற்கெனவே பூனையிடமே இருக்கிறது.

சிப்பைச் சில சென்டிமீட்டர் தொலைவிலிருந்துதான் படிக்க முடியும். அதனால்தான் இவ்வகைக் கதவு தட்டையான மடலாக இல்லாமல் குறுகிய சுரங்கமாக அமைகிறது. பூனை தலையை நுழைத்ததும் உணரி அதைக் கண்டு, சுரங்கத்தின் கூரையிலுள்ள படிப்பானை எழுப்பும். எண் நினைவகத்தில் இருந்தால் சிறு மோட்டார் தாழை இழுக்கும். ‘டக்’ என்ற ஒலியோடு மடல் விடுபடும். மற்ற நேரமெல்லாம் கருவி உறக்கத்தில் இருப்பதால் நான்கு ஏஏ பேட்டரிகளே பல மாதங்களுக்குப் போதும். மொத்தம் 32 பூனைகளின் எண்களைப் பதிந்துகொள்ளலாம். மடலின் திறப்பு ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். சாதாரண நாட்டுப் பூனைக்கு இது தாராளம். மெயின் கூன் போன்ற பெரிய இனத்துக்கும் பருத்த பூனைக்கும் இதே நிறுவனத்தின் பெரிய அளவுக் கதவே ஏற்றது.

வாங்கும்போது எடுக்கும் முடிவுகளில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, கதவு எந்தத் திசையைக் காவல் காக்க வேண்டும் என்பது. அடிப்படை மாதிரி உள்ளே வரும் பூனையின் சிப்பை மட்டுமே படிக்கும். வெளியே போக யாருக்கும் தடையில்லை. டூயல்ஸ்கேன் மாதிரி இரு திசையிலும் படிக்கும். இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டைப் பார்த்து அடிப்படை மாதிரியை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். வெளியே போகும் வழி தாழில்லாமல் இருப்பதால் மடல் வெளிப்புறமாக எப்போதும் ஆடும். அதை வெளியிலிருந்து நகத்தால் கொக்கி போட்டு இழுக்கக் கற்றுக்கொண்ட பூனைக்கு எந்தச் சிப்பும் தேவையில்லை. அக்கம்பக்கத்தில் துணிச்சலான ஆண் பூனை உலவினால் டூயல்ஸ்கேனே சரியான தேர்வு. இரண்டு பூனைகளில் ஒன்று மட்டும் வெளியே போகலாம், குட்டியோ நோயுற்றதோ வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற நிலையிலும் அதுவே ஏற்றது. அத்தகைய தேவை இல்லாத அமைதியான தெருவில் அடிப்படை மாதிரி போதும்.

கதவை வாங்கும் முன் பூனையின் சிப்பை மருத்துவமனையில் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. சில பூனைகளில் சிப் காலப்போக்கில் தோளிலிருந்து நகர்ந்து விலாப்பக்கம் இறங்கியிருக்கும். அப்படியானால் தலை நுழைந்தும் சுரங்கத்தின் கூரையிலுள்ள படிப்பானுக்கு எண் எட்டாது. கழுத்துப்பட்டையில் மாட்டும் தனி வில்லையை அதே கதவில் பதிந்து பயன்படுத்தலாம். ஆனால் கழுத்துப்பட்டையின் பழைய தொல்லைகள் அப்படியே திரும்பி வரும்.

அடுத்து, துளை எதில் விழப்போகிறது என்று பார்க்க வேண்டும். கட்டை மரக் கதவு மிகவும் எளிது. யுபிவிசி கதவின் அடிப்பலகையும் எளிதில் வெட்டுப்படும். அதன் நடுவில் நுரை இருக்கும், சிலவற்றில் வலுவுக்காக மெல்லிய அலுமினியத் தகடும் இருக்கும். தகடு இருந்தால் படிப்பானின் காந்தப்புலம் பாதிக்கப்படும். உலோகக் கதவில் வரும் அதே சிக்கல்தான் இது. அப்போது துளையைப் பெரிதாக்கி, உலோகத்திலிருந்து கருவியை விலக்கி நிறுத்தும் பொருத்துவளையத்தைச் சேர்த்தே மாட்ட வேண்டும். தீத்தடுப்புக் கதவைத் தொடவே கூடாது. துளை விழுந்த கணத்தில் அது தீயைத் தடுக்கும் தகுதியை இழந்துவிடும். அடுக்குமாடி வீட்டின் முன்கதவும் கார் கொட்டகைக்குப் போகும் உட்கதவும் பெரும்பாலும் இவ்வகையே. வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் முதலில் வேண்டும்.

கண்ணாடி தனிக் கதை. கடினமூட்டிய கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது. வெட்டக் கருவி பட்டாலே முழுப் பலகையும் பொடிப்பொடியாகச் சிதறும். இரட்டைக் கண்ணாடியும் அப்படியே, இரு பலகைகளுக்கு இடையிலுள்ள அடைப்பு உடைந்தால் உள்ளே நீராவி படிந்து மங்கிவிடும். ஆகவே கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து, வட்டத் துளையோடு புதிய பலகையே செய்து வாங்க வேண்டும். செலவு கதவின் விலையைத் தாண்டிப் போகலாம். சுவரில் வைப்பதானால் சுரங்கத்தை நீட்டும் துண்டுகள் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் வீடுகளில் பல, நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் செங்கல் சுவர் கொண்டவை. துளையின் உட்புறத்தை நன்றாக அடைத்துப் பூசாவிட்டால் ஈரம் அந்த இடைவெளி வழியே வீட்டுக்குள் இறங்கும். சுவரையும் கண்ணாடியையும் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. மரக் கதவும் யுபிவிசி பலகையும் கருவி பிடிக்கத் தெரிந்த எவராலும் முடியக்கூடியவை.

உயரத்தைப் பூனைதான் தீர்மானிக்க வேண்டும். அது நிற்கும்போது தரையிலிருந்து வயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, திறப்பின் அடி விளிம்பு அந்த உயரத்தில் வரட்டும். இதை வீட்டுக்குள் மட்டும் அளந்துவிட்டு வெட்டுவது பரவலான தவறு. பின்வாசலில் வெளித்தரை பெரும்பாலும் ஒரு படி தாழ்ந்திருக்கும். உள்ளே வசதியாக இருக்கும் துளை, வெளியிலிருந்து வரும் பூனைக்கு மார்பளவு ஆகிவிடும். இளம் பூனை தாவிவிடும், மூட்டு வலியுள்ள கிழப் பூனை கதவருகே நின்று கத்தும். வெளியே ஒரு கல்லோ பலகையோ போட்டு மட்டத்தை உயர்த்தினால் தீரும். துளை, கதவின் பூட்டிலிருந்து கை எட்டாத தூரத்தில் இருப்பதும் அவசியம். இந்தத் திறப்பில் மெல்லிய கை ஒன்று தோள்வரை நுழையும்; உட்பக்கம் சாவி தொங்கினால் திருடனுக்கு அதுவே போதும்.

இடம் முடிவானதும் பெட்டியில் வரும் அளவுத்தாளை மாஸ்கிங் டேப்பால் கதவில் ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே கோடு இழுக்க வேண்டும். மடல் தன் எடையால் தொங்குவது; துளை சாய்ந்தால் அது ஒரு பக்கம் உரசி நின்றுவிடும். நான்கு மூலைகளிலும் ஜிக்சா ரம்பத்தின் அலகு நுழையும் அளவுக்கு டிரில்லால் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஓட்டை அறுத்துக்கொண்டு வர வேண்டும். ஜிக்சாவின் அடித்தட்டு பலகையைக் கீறாமலிருக்க அது நகரும் பாதையிலும் டேப் ஒட்டலாம். ஒரே பக்கத்திலிருந்து அறுக்கையில் மெல்லிய மரப்பலகை மறுபக்கம் சிம்பு சிம்பாகப் பெயரும். அங்கேயும் டேப் இருந்தால் சேதம் குறையும். பாதுகாப்புக் கண்ணாடி கண்களைக் காக்கட்டும், பூனை வேறு அறையில் இருக்கட்டும். வெட்டு முகத்துக்கு உடனே வண்ணமோ வார்னிஷோ பூசாவிட்டால் மழைநீர் மரத்தில் ஏறி, ஒரே குளிர்காலத்தில் பலகை உப்பிவிடும்.

துளை சரியாக விழுந்தபின் எஞ்சியது சுலபம். சுரங்கப் பகுதி ஒரு புறமிருந்தும் வெளிச்சட்டம் மறுபுறமிருந்தும் வந்து நடுவில் திருகாணிகளால் இணையும். திருகாணிகளைக் கடைசிச் சுற்றுவரை முறுக்கினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து மடல் இறுகும். மடல் தானாக நடுவில் வந்து நிற்கும்வரை மட்டுமே முறுக்க வேண்டும். சட்டத்துக்கும் கதவுக்கும் இடையில் சிலிக்கான் பூசினால் நீர் இறங்காது. பேட்டரியைப் போட்டு, நினைவுப் பொத்தானை அழுத்திவிட்டு, பூனையைச் சுரங்கம் வழியே ஒருமுறை கடக்கவிட்டால் எண் பதிந்துவிடும். பூனையைப் பிடித்துத் திணிக்கக் கூடாது. மறுபுறம் பிடித்த தீனியை வைத்தால் அதுவே வரும். இரண்டாவது பூனை இருந்தால், பதியும் நேரத்தில் அது பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருவியைப் பூனை ஏற்பதற்குப் பெரிய தடை தாழின் ஒலி. தலை உள்ளே இருக்கும்போது காதருகே எழும் அந்த ‘டக்’ கேட்டு, துணிச்சலான பூனைகூட முதலில் பின்வாங்கும். கட்டாயப்படுத்தினால் அந்தக் கதவையே வெறுத்துவிடும். முதல் சில நாட்கள் மடலை டேப்பால் மேலே தூக்கி ஒட்டி, வெறும் துளையாகப் பழக்க வேண்டும். பிறகு பாதி தாழ்த்தி, அதன் பின் முழுவதும் தொங்கவிட்டுத் தலையால் தள்ளப் பழக்கலாம். தாழின் ஒலியைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். இந்த வரிசையில் பொறுமையாகச் செய்தால் தயங்கும் பூனைகளும் பெரும்பாலும் பழகிவிடுகின்றன. அவசரப்பட்ட வீடுகளில்தான் நல்ல கதவு பயனின்றித் தொங்குகிறது.

அன்றாடப் பயன்பாட்டில் உட்புறத் திருகு குமிழ் மிகவும் கைகொடுக்கும். இரு வழி, வரமட்டும், போகமட்டும், முழுத் தாழ் என்று நான்கு நிலைகள் அதில் உண்டு. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை ‘வரமட்டும்’ நிலையில் வைத்தால் பூனை வீட்டுக்குள் வந்து தங்கிவிடும். காலையில் தேடி அலைய வேண்டாம். வீட்டுப் பூனையின் வாலைத் தொடர்ந்தே அந்நியப் பூனை நுழைந்துவிடுவதும் நடக்கும். தாழ் மீண்டும் விழ எடுக்கும் சில நொடிகளே அதற்குப் போதும். விரைவாகப் பூட்டும் அமைப்பை இயக்கினால் இது குறையும், முழுமையாக நிற்காது. பூனை கவ்விவரும் எலியையும் பறவையையும் சிப் தடுக்காது. பலத்த காற்றுக்கு நேர் எதிரே வைத்த மடல் இரவெல்லாம் தட்டும். குளிரும் ஓரளவு கசியும். இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் காற்றின் திசையையும் கணக்கில் கொள்வது இதனால்தான்.

கனெக்ட் என்ற மாதிரி, வீட்டு ரவுட்டரோடு கேபிளால் இணையும் ஹப் ஒன்றின் மூலம் கைப்பேசிச் செயலியோடு பேசும். பூனை எப்போது வந்தது, எப்போது போனது என்பதைக் காட்டும். தொலைவிலிருந்தே பூட்டவும் இரவில் குறித்த நேரத்தில் தானாகப் பூட்டவும் வழி தரும். நேரம் வைத்துப் பூட்டும் வசதி உண்மையிலேயே பயனுள்ளது. இருளிலும் விடியலிலும்தான் பூனைகள் சாலையில் அடிபடும் அபாயம் அதிகம். தினமும் கையால் குமிழைத் திருப்ப நினைவிருப்பவருக்குச் செயலி தேவையில்லை. பூனை நோயுற்றிருந்தாலோ வீட்டார் அடிக்கடி வெளியூர் போனாலோ செயலிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை தகும்.

பராமரிப்பு குறைவு. சுரங்கத்தின் கூரையிலும் உணரியிலும் படியும் முடியையும் சேற்றையும் ஈரத்துணியால் துடைத்து வந்தால் தலையைக் கண்டுகொள்வதில் பிழை வராது. மடலின் விளிம்பிலுள்ள தூரிகையில் முடி சேர்ந்தால் மடல் முழுவதும் மூடாமல் நிற்கும், தாழும் விழாது. மின்னழுத்தம் குறைந்த ரீசார்ஜ் பேட்டரிகளைத் தவிர்த்து நல்ல அல்கலைன் பேட்டரிகளையே போட வேண்டும். தீரப்போகையில் சிவப்பு விளக்கு மின்னும். அதைக் கண்டதும் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலும் பதிந்த எண்கள் அழியாது.