பழைய கியர்பாக்ஸும் பத்தாண்டுக் கணக்கும்

சிங்கப்பூரின் பிடோக்கில் ஏழு பேர் அமரும் குடும்ப வேன் ஒன்று எட்டாவது ஆண்டில் கியர்பாக்ஸ் போய் நின்றுவிட்டால், சொந்தக்காரருக்கு நான்கு வழிகள் உண்டு. புதியதை வாங்கிப் போடலாம். இருப்பதையே பிரித்து ஓவர்ஹால் செய்யலாம். ஸ்கிராப்புக்குப் போன வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய கியர்பாக்ஸைப் பொருத்தலாம். இல்லையென்றால் வண்டியையே ஒப்படைத்துவிடலாம். மூன்றாவது வழியைப் பிடித்து, பட்டறைக்கும் போகாமல், வீட்டிலேயே கழற்றி மாட்டுவது வட அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். வேலை செய்யும் விதத்தைக் காணொளியில் பார்த்துவிட்டு இங்கேயும் கை துறுதுறுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இதில் இரண்டு முடிவுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பழைய கியர்பாக்ஸ் என்ற முடிவு சிங்கப்பூருக்கு நன்றாகவே பொருந்துகிறது. வீட்டில் வைத்து மாற்றுவது என்ற முடிவு பொருந்தவில்லை.

முதல் முடிவிலிருந்து தொடங்கலாம். 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்ததிலிருந்து இங்கே ஒரு காரின் ஆயுளைத் தீர்மானிப்பது இரும்பும் எண்ணெயும் அல்ல, சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ்தான். பத்தாண்டு முடிந்தால் வண்டியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும், அல்லது அன்றைய சராசரிக் கட்டணத்தைக் கட்டி ஐந்தோ பத்தோ ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். எட்டு வயது வண்டிக்குப் பதினைந்து ஆண்டு உழைக்கக்கூடிய புது கியர்பாக்ஸைப் போட்டால், சான்றிதழைப் புதுப்பிக்காதவருக்கு அந்த உழைப்பில் பெரும்பகுதியை அனுபவிக்கச் சட்டத்தில் நாள் இல்லை. இன்னும் இரண்டு மூன்று ஆண்டு தாங்கினால் போதும் என்ற கணக்குக்கு, பாதி வாழ்ந்த கியர்பாக்ஸ் சரியான அளவு.

அதைத் தருவதற்கும் இதே சட்டம்தான் வழி செய்கிறது. பதிவு நீக்கப்பட்ட வண்டி ஒரு மாதத்துக்குள் ஏற்றுமதியாக வேண்டும் அல்லது ஸ்கிராப் ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே ஸ்கிராப் முற்றத்துக்கு வந்து சேரும் வண்டிகள் ஏராளம். இங்கே சொந்தக் கார்கள் ஆண்டுக்குச் சுமாராக 17,000, 18,000 கிலோமீட்டர்தான் ஓடுகின்றன. பத்தாண்டுக்கு 1,80,000. நன்றாகப் பராமரிக்கப்பட்ட டொயோட்டா விஷ் வேனின் நான்கு கியர் பெட்டிக்கு அது முதுமையே அல்ல. விஷ் உற்பத்தி 2017இல் நின்றுவிட்டது. ஹோண்டா ஸ்ட்ரீம் அதற்கும் முன்பே நின்றது. கழற்றிய பாகங்கள் இல்லாமல் இந்த வண்டிகளை ஓட்டுபவர்கள் சமாளிக்க முடியாது. நல்ல பாகம் உருக்கு உலைக்குப் போகாமல் மறுபடி சாலைக்கு வருவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. பழைய பாகம் போடும் வழக்கத்தின் மிகப் பெரிய பலம் இதுதான்.

நான்காவது வழியையும் ஒதுக்கிவிடக் கூடாது. பத்தாண்டுக்குள் பதிவை நீக்கினால் கிடைக்கும் தள்ளுபடியும் மீதமுள்ள சிஓஇ தொகையும் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துத் தரப்படுவதில்லை. கியர்பாக்ஸ் செத்த வண்டிக்கும் அதே காகித மதிப்பு உண்டு. ஆகவே செலவழிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘கியர்பாக்ஸ் மலிவா’ என்பது மட்டுமல்ல. ‘மிச்ச மாதங்களுக்கு இந்தச் செலவு தகுமா’ என்பதுதான். ஒன்பதரை ஆண்டு ஓடிய வண்டிக்குப் பழைய கியர்பாக்ஸ்கூட அதிகம்.

இனி குறைகள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் வாங்கியவர்களுக்கு முதல் குறை தெரிந்திருக்கும்: பொருளைப் பார்க்கலாம், அதன் வரலாற்றைப் பார்க்க முடியாது. தாத்தா பாட்டியை மருத்துவமனைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கூட்டிப்போன வேனின் கியர்பாக்ஸும், தனியார் வாடகை வண்டியாக இரவு பகலாக ஓடிய வேனின் கியர்பாக்ஸும் அலமாரியில் ஒரே மாதிரிதான் இருக்கும். வாங்குபவர் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. மிச்சமிருக்கும் எண்ணெயை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்க்க வேண்டும். பழுப்பேறிக் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருக்கின்றன. ஸ்ட்ராபெரி பால் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது. அதைத் தொடவே கூடாது. அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தைப் பார்த்தால் மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பு, மின்னும் செதில்கள் ஆபத்து. ஆனால் இத்தனையும் பார்த்த பிறகும், வண்டியில் மாட்டி ஓட்டினால்தான் அது எப்படிப்பட்டது என்று தெரியும். மாட்டும் கூலிதான் இந்தச் செலவில் கனமான பகுதி. விற்பவர் தரும் குறுகிய கால வாரன்டியோ பெரும்பாலும் பெட்டிக்கு மட்டும், கூலிக்கு இல்லை. தப்பான பெட்டி வந்தால் இன்னொரு பெட்டி இலவசமாகக் கிடைக்கும். இரண்டாம் முறை இறக்கி ஏற்றும் பணம் நம்முடையது.

எண்ணெய் விஷயத்தை லேசாக விடக் கூடாது என்பதற்கு அமெரிக்க மினிவேன்களின் கதையே சாட்சி. கிரைஸ்லர் நிறுவனம் 1989இல் ஏ604 என்ற மின்னணுக் கட்டுப்பாட்டு கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. டாட்ஜ் கேரவன் வேன்களில் அது கொத்துக் கொத்தாகப் பழுதானது. அதன் வடிவமைப்பிலும் கோளாறு இருந்தது. ஆனால் தனக்கென்று தயாரான எண்ணெய்க்குப் பதிலாகப் பொதுவான டெக்ஸ்ரானை ஊற்றியதும் பல பெட்டிகளைக் கொன்றது. அங்கே வீட்டில் கியர்பாக்ஸ் மாற்றும் பழக்கத்துக்கு இந்த வேன்கள் நிறையவே வேலை கொடுத்தன. இங்குள்ள நிசான் செரினா, இரண்டாம் தலைமுறை விஷ் போன்றவற்றில் உள்ள சிவிடி எனும் படியில்லா கியர்பாக்ஸ் இன்னும் கண்டிப்பானது. எஃகுப் பட்டையும் புல்லியும் வழுக்காமல் கவ்வுவது அந்த எண்ணெயின் குணத்தை நம்பித்தான். முந்தைய சொந்தக்காரர் எதை ஊற்றினார் என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. ஆகவே சிவிடியைப் பழையதாக வாங்குவது, சாதாரண ஆட்டோ கியர்பாக்ஸைப் பழையதாக வாங்குவதைவிடப் பல மடங்கு துணிச்சலான காரியம். போதாக்குறைக்கு, சில சிவிடிகளில் வால்வ் பாடியின் அளவீட்டுத் தரவைக் கணினி வழியாக வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எழுத வேண்டும். அந்தக் கருவி இல்லாமல் மாட்டினால் புத்தம்புதுப் பெட்டிகூட உதறும்.

மாட்டும் வேலைக்கு வருவோம். முன்சக்கர இழுவை வேனில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டில் இருக்கின்றன. எண்பது கிலோ அளவுக்குக் கனம் வரும். டிரைவ் ஷாஃப்டுகளை உருவ வேண்டும், சப்ஃபிரேமை இறக்க வேண்டும், எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். இவை கடினமான வேலைகளே தவிரச் சூட்சுமமானவை அல்ல. சூட்சுமம் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கிறது. அது எண்ணெய்ப் பம்பின் பற்களில் முழுவதும் இறங்கி உட்கார வேண்டும். ஒரு விரல் அகலம் வெளியே நின்றாலும், அதைக் கவனிக்காமல் போல்ட்டை முறுக்கி கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்தால் பம்ப் நொறுங்கிவிடும். அடுத்தது கூலர். செத்த கியர்பாக்ஸின் இரும்புத் துகள்கள் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். அதைக் கழுவாமலோ மாற்றாமலோ விட்டால், பழைய நோய் புதிதாக வந்த பெட்டியைச் சில மாதங்களில் தின்றுவிடும். ‘செகண்ட்ஹேண்ட் கியர்பாக்ஸ் உழைக்காது’ என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் கழுவப்படாத கூலரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

தாமே செய்பவரின் பலம் தெரிவதும் இந்த இடத்தில்தான். மணிக்கணக்கில் பணம் பார்க்கும் பட்டறையில் கூலர் கழுவுவது, பெட்டி கீழே இருக்கும்போதே எஞ்சினின் பின்சீலை மாற்றுவது, ஷாஃப்ட் சீல்களைப் புதிதாகப் போடுவது போன்றவை அவசரத்தில் விடுபடக்கூடியவை. தன் குடும்பம் ஏறப்போகும் வண்டி என்று நினைத்து வேலை செய்பவர் அவற்றை விடமாட்டார். இந்த அக்கறையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

ஆனால் அதற்கு இடம் வேண்டுமே. சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வசிக்கிறோம். வீவக கார் நிறுத்துமிடம் பழுதுபார்க்கும் இடமல்ல. விதிகளும் அதை அனுமதிப்பதில்லை. இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், குறிப்பாகப் பிடோக்கில். 1986இல் நிறைவேறிய சுங்கை சிலேத்தார்–பிடோக் நீர்த் திட்டம், குடியிருப்புப் பேட்டைகளின் வடிகால்களில் ஓடும் மழைநீரைச் சேகரித்துக் குடிநீராக்குவதற்காகவே வந்தது. முன்பு மணல் தோண்டிய குழிதான் இன்றைய பிடோக் நீர்த்தேக்கம். புளோக்குக் கீழே சிந்தும் எண்ணெய் மழையோடு வடிகாலில் இறங்கினால் போய்ச் சேரும் இடம் எது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு கியர்பாக்ஸில் ஏழெட்டு லிட்டர் எண்ணெய் இருக்கும். தரைவீட்டுக்காரர்கள், ஓபரா எஸ்டேட்டிலோ பிராங்கல் பக்கமோ சொந்த முற்றம் உள்ளவர்கள், இதைச் செய்ய முடியும். அவர்களும் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. தரை சமமாக இருக்க வேண்டும், ஸ்டாண்ட் நான்கும் இருக்க வேண்டும், எண்பது கிலோவை மார்புக்கு மேல் தூக்கிப் பிடிக்க நினைக்கவே கூடாது.

பணக் கணக்கும் வீட்டு வேலைக்கு எதிராகவே இருக்கிறது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ 1,06,000 வெள்ளியைத் தொட்டது. வசதிக்காக ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்குப் பங்கிட்டால் வண்டி ஓடினாலும் நின்றாலும் ஒரு நாளைக்கு 27 வெள்ளி கரைகிறது. வார இறுதிகளில் மட்டும் வேலை செய்து மூன்று வாரம் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினால் 570 வெள்ளி போச்சு. மிச்சப்படுத்திய கூலியில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும். ஆயுளுக்கு உச்சவரம்பே இல்லாத அமெரிக்க வேனுக்கு இந்தச் செலவு கிடையாது. அங்கே சரியாக வரும் கணக்கு இங்கே தவறுவது இதனால்தான்.

வேலை காக்கி புக்கிட்டிலோ ஊபியிலோ உள்ள பட்டறையின் லிஃப்டில் நடக்கட்டும். சொந்தக்காரர் தன் அக்கறையை அதற்கு முன்பாகவும் பின்பாகவும் செலுத்தட்டும். முதலில், செத்தது கியர்பாக்ஸ்தானா என்று ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு சோலினாய்டோ கிழிந்த மவுண்டிங்கோ பெட்டிச் சாவு போல நடித்து ஏமாற்றுவது உண்டு. பிறகு கூலரைக் கழுவுவதும் சீல்களை மாற்றுவதும் விலைக்குறிப்பிலேயே எழுதப்பட வேண்டும். கூலிக்கும் சேர்த்து வாரன்டி தர மறுத்தால் அடுத்த பட்டறைக்கு நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வண்டியும் எண்ணோடும் தேதியோடும் பதிவு நீக்கப்படும் ஊர் இது. கழற்றியவருக்கு அந்த எண் தெரியும்; ஓடிய கிலோமீட்டரையும் டாஷ்போர்டில் பார்த்திருப்பார். இரண்டையும் ரசீதில் எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுத மறுப்பவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கியர்பாக்ஸ் வாங்க வேண்டாம்.