நூறு சீட்டும் ஒரு டிராகனும்

1993-இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டாட்டத்தில் வழக்கமான கட்டுக்குக் குறைந்தது 60 சீட்டு; ஒரே சீட்டில் நான்கு பிரதிகள் வரை சேர்க்கலாம்; தொடக்கத்தில் உயிர்ப்புள்ளி 20.

அலாஸ்கா ரசிகர்கள் சிலர் இந்தக் கணக்கையே மாற்றினார்கள். 1994-இன் ‘லெஜண்ட்ஸ்’ தொகுப்பிலிருந்த ஐந்து மூத்த டிராகன்களில் ஒன்று தலைவன். கட்டில் 100 சீட்டு. அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர எதற்கும் இரண்டாம் பிரதி கிடையாது.

எவ்வளவு அழகான ஏற்பாடு! இன்றைய விதிப்படி தலைவன் கட்டுக்கு வெளியே காத்திருப்பான். வீழ்ந்தால் மீண்டும் அழைக்கலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு மானா (சீட்டைக் களமிறக்கச் செலவிடும் ஆற்றல்) கூடுதல் செலவு. மற்ற சீட்டுகள் ஒற்றைப் பிரதி என்பதால் ஆட்டத்துக்கு ஆட்டம் கதை மாறும். உயிர்ப்புள்ளி 40 என்பதால், மானா அதிகம் கேட்கும் பிரம்மாண்டச் சீட்டுகளும் நிதானமாகக் களமிறங்கும்.

2011-இல் மேஜிக்கை வெளியிடும் விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே இந்த ஆட்டமுறைக்காக ‘கமாண்டர்’ என்ற பெயரில் ஐந்து ஆயத்தக் கட்டுகளை வெளியிட்டது.