பிரான்டே சகோதரிகள்: திரையில் விடுபட்ட உழைப்பு

எழுத்தாளர்களின் வாழ்க்கையைப் படமாக்குகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாவலில் வருவதெல்லாம் அதை எழுதியவரின் வாழ்வில் முன்னமே நடந்துவிட்டதாகக் காட்டிவிடுவார்கள். காதலில் தோற்றார், அதனால் காதல் கதை எழுதினார் என்று கணக்கு நேராகிவிடும். ஹாலிவுட்டிலிருந்து 1946-ல் வந்த 'டிவோஷன்' இதற்குச் சரியான சான்று. சார்லட் பிரான்டே, எமிலி பிரான்டே இருவரும் ஒரே பாதிரியாரைக் காதலிப்பதாக அதில் ஒரு முக்கோணத்தைக் கட்டினார்கள். ஆர்தர் பெல் நிக்கல்ஸ் என்ற அந்தப் பாதிரியார் பின்னாளில் சார்லட்டை மணந்தது உண்மை. எமிலி அவரை விரும்பினார் என்பதற்கு ஆதாரமே கிடையாது. 'வுதரிங் ஹைட்ஸ்' போன்ற நாவலை ஒரு பெண் தன் கற்பனை வலுவால் எழுதியிருக்கலாம் என்பதை ஏற்க அந்தப் படத்துக்கு மனம் வரவில்லை.

ஆந்த்ரே தெஷினே இயக்கி 1979-ல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்கு வந்த 'லே சேர் பிரான்டே' இந்தப் பழக்கத்தை உதறிய பிரெஞ்சுப் படம். சார்லட்டாக மரி-பிரான்ஸ் பிசியே, எமிலியாக இசபெல் அஜானி, தங்கை ஆனாக இசபெல் ஹுப்பேர் நடித்தார்கள். தெஷினேவும், அவரோடு திரைக்கதை எழுதிய பாஸ்கல் பொனிட்சேரும் 'கையே து சினிமா' இதழில் விமர்சனம் எழுதி வளர்ந்தவர்கள். வாழ்க்கையை வைத்து நூலுக்கு உரை எழுதும் சோம்பலான வாசிப்பு அவர்களுக்கு ஆகாது. 'வுதரிங் ஹைட்ஸ்' நாயகன் ஹீத்கிளிஃபுக்கு முன்மாதிரி என்று யாரையும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. நாவலாசிரியரின் மனதுக்குள் நுழைந்துவிட்டதாகப் பாவனை செய்யாத இந்த மரியாதைதான் படத்தின் முதல் பலம்.

இரண்டாவது பலம் ப்ரூனோ நுய்த்தெனின் ஒளிப்பதிவு. சரித்திரப் படங்களில் வழக்கமாகப் பார்க்கும் பொன்னிற மெழுகுவத்தி வெளிச்சத்தை அவர் ஒதுக்கிவிட்டார். யார்க்ஷயரின் வெட்டவெளியும் கல் வீடும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் குளிர்ந்து கிடக்கின்றன. ஆண் உடையில் கால்சட்டை அணிந்து மேட்டுநிலத்தில் நடக்கும் எமிலியை எந்த இசையும் உந்தாவிட்டாலும் நாம் விடாமல் பார்ப்போம். காலடியில் ஈரம் தெரிகிறது. அந்த நிலத்தை அழகுக்காக எடுக்கவில்லை, ஒருத்தி தினமும் நடக்கும் இடமாக எடுத்திருக்கிறார்கள்.

இனி குறைக்கு வருகிறேன். வாழ்விலிருந்து நூலைப் பிடுங்கி எடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்த தெஷினே, எழுத்து என்ற வேலையையே ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். அவர்கள் வாழ்ந்த ஹாவர்த் ஊரில், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் பாதிரியாரான தந்தையின் வீட்டில், சகோதரிகள் எழுதிய சாப்பாட்டு மேசை இருக்கிறது. மை சிந்திய கறைகள், நடுவில் மெழுகுவத்தி சுட்ட தழும்பு, மரத்தில் கீறிய சின்னஞ்சிறு 'இ' என்ற ஆங்கில எழுத்து எல்லாம் அதில் அப்படியே உள்ளன. இரவில் மூவரும் அந்த மேசையைச் சுற்றி நடந்தபடி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி விவாதித்தார்கள் என்பது சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் காஸ்கெல் தந்த செய்தி. கண்ணால் காணக்கூடிய, காதால் கேட்கக்கூடிய காட்சி இது. இதில் எவருடைய மனதுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. படம் இதற்கு உரிய இடத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

இதே நுய்த்தென் 1988-ல் இயக்கிய 'காமீய் குளோதெல்' படத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதிலும் அஜானிதான் நாயகி. சிற்பியான காமீய் இரவில் பள்ளத்தில் இறங்கிக் களிமண் தோண்டுவதில் அது தொடங்குகிறது. அவரது வேலை என்ன என்பது முதல் நிமிடத்திலேயே நமக்குப் புரிந்துவிடுகிறது. எழுத்துக்குக் களிமண் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தாள், பணம், தபால், பதிப்பாளர் எல்லாம் உண்டே. 1846-ல் கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற புனைபெயர்களில் தங்கள் கவிதைத் தொகுப்பை அச்சிட, பெரியம்மா விட்டுச்சென்ற பணத்திலிருந்து 31 பவுண்டு 10 ஷில்லிங் கட்டினார்கள். ஓராண்டில் விற்றவை 2 பிரதிகள். சோர்ந்துவிடாமல் மூவரும் நாவலுக்குத் திரும்பினார்கள். 1847 அக்டோபரில் 'ஜேன் அயர்', டிசம்பரில் 'வுதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' வெளிவந்தன. காற்றிலும் மழையிலும் அலைந்த அதே எமிலிதான் குடும்பப் பணத்தை ரயில்வே பங்குகளில் போட்டுவைத்து, செய்தித்தாளில் ரயில்வே செய்திகளை ஒன்றுவிடாமல் படித்தவர். அஜானி காட்டும் எமிலியை விட இந்த எமிலி எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

எழுத்து விலகிய இடத்தைச் சகோதரர் பிரான்வெல் நிரப்பிக்கொள்கிறார். பாஸ்கல் கிரெகோரி அவரை நன்றாகவே செய்திருக்கிறார். 1834 வாக்கில் தன்னையும் மூன்று சகோதரிகளையும் சேர்த்து பிரான்வெல் ஓர் ஓவியம் தீட்டினார். பிறகு தன் உருவம் இருந்த இடத்தில் மட்டும் ஒரு தூணை வரைந்து மூடினார். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கும் இந்த ஓவியத்தைத் தெஷினே கதையின் அச்சாக வைத்தது கூர்மையான யோசனை. ஆனால் படம் முழுக்க அவருடைய குடி, அபின், எஜமானி திருமதி ராபின்சன் மீது கொண்ட மோகம் என்றே விரிகிறது. ஓவியத்திலிருந்து தன்னை நீக்கிக்கொண்டவர் படத்தில் நடு இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிரஸ்ஸல்ஸ் பகுதியும் இப்படித்தான் வலுவிழக்கிறது. 1842-ல் சார்லட்டும் எமிலியும் எஜே பள்ளிக்குப் போனபோது பிரெஞ்சு அவர்களுக்கு அந்நிய மொழி. அந்த மொழியில் கட்டுரை எழுதித் திருத்தம் வாங்கித்தான் தங்கள் நடையைக் கூர்தீட்டினார்கள். ஹாவர்த்திலும் எல்லோரும் பிரெஞ்சே பேசும் படத்தில் அந்தத் திணறல் கேட்க வழியில்லை.

சாவுகளையும் சொல்ல வேண்டும். பிரான்வெல் 1848 செப்டம்பரில், எமிலி அதே ஆண்டு டிசம்பரில், ஆன் 1849 மே மாதத்தில் இறந்தார்கள். இவை விதியின் கனத்தோடு திரையில் வருகின்றன. தந்தையாக நடித்த பாட்ரிக் மகீ, அசல் தந்தையைப் போலவே வட அயர்லாந்தில் பிறந்தவர், நல்ல தேர்வு. ஆனால் ஊருக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று அரசுக்கு மனுப்போட்ட பாதிரியாரை இங்கே காணோம். அவரது முயற்சியால் 1850-ல் வந்த, ஊரின் சுகாதாரம் பற்றிய பாபேஜ் அறிக்கை ஹாவர்த்தின் சராசரி இறப்பு வயது 25.8 என்று சொன்னது. கிணறுகளையும் இடுகாட்டையும் கழிவுநீரையும் சுட்டிக்காட்டியது. இந்த ஊரைத் தெரிந்துகொண்டு பார்த்தால், சகோதரிகளின் வேகம் வேறு மாதிரி விளங்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தெஷினேவின் முதல் வடிவம் இன்னும் நீளமானது. தயாரிப்பாளர்களான கோமோன் நிறுவனத்தின் கட்டாயத்தால் சுமார் 2 மணி நேரமாகச் சுருங்கியது. சில காட்சிகள் தொடங்கிய வேகத்திலேயே அறுந்துபோவதற்கு அது காரணமாக இருக்கலாம். முடிவில் நாவலாசிரியர் தாக்கரேயாக ரோலான் பார்த் வருகிறார். ஆசிரியரின் மரணத்தை அறிவித்த சிந்தனையாளர் ஆசிரியராக அமர்ந்திருப்பது படத்தின் கொள்கைக்குப் பொருத்தம். நடிப்பில் அவர் இறுக்கமாகத்தான் இருக்கிறார்.

எனக்குப் பெரிய மனக்குறை ஆன் விஷயத்தில்தான். முந்தைய ஆண்டு கானில் சிறந்த நடிகைக்கான விருதைப் பகிர்ந்துகொண்ட ஹுப்பேரை வைத்துக்கொண்டு, அவரைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கையாக நிறுத்திவிட்டார்கள். ராபின்சன் வீட்டில் சுமார் 5 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து, சகோதரர் சீரழிவதை நேரில் கண்டவர் ஆன். குடிகாரக் கணவனை விட்டு மகனோடு வெளியேறும் மனைவியை 1848-ல் 'த டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலில் எழுதியவரும் அவரே. ஆன் இறந்தபின் அந்த நூல் மறுபதிப்பாவதைச் சார்லட்டே விரும்பவில்லை. பிரான்வெல்லின் வீழ்ச்சிக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கிய படம், அந்த வீழ்ச்சியைக் கண் திறந்து பார்த்து எழுதியவரின் பக்கம் கேமராவைத் திருப்பியிருந்தால், தேடிய மையம் கிடைத்திருக்கும்.