பழமைக்கு வந்த யோகம்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வங்கி ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருப்பவர். காப்பி குடித்து முடிகிற வரையில் ஊர்ப் பேச்சாகவே பேசிக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் வந்த விஷயம் வெளிப்பட்டது. கையில் வந்த பணத்தைப் போட்டு ஒரு கடை திறக்கப் போகிறாராம். கமர்கட்டு, தேன் மிட்டாய், எலந்த வடை, பம்பரம், கோலிக் குண்டு, பழைய பாட்டுக் கேஸட்டுகள் என்று, தொண்ணூறுகளில் பள்ளிக்கூடத்து வாசலிலும் கடைத்தெருவிலும் கண்ணில் பட்டதெல்லாம் அங்கே கிடைக்கும். சுவர் நிறையப் பழைய சினிமாச் சுவரொட்டிகள். மூலையில் ஒரு வானொலிப் பெட்டி பாடிக்கொண்டிருக்கும்.

"நீங்கள் எழுதுகிறவர், ஸார். ஜனங்களின் மனசு உங்களுக்குத் தெரியும். வாங்குவார்களா, சொல்லுங்கள்" என்றார்.

"வாங்குவார்கள்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ஆனால் இரண்டாம் தடவை வருவார்களா என்பதுதான் சந்தேகம்" என்றேன். மலர்ந்த முகம் வாடிவிட்டது.

அன்றைக்கு அவருக்கு இதற்கு மேல் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பணம் இன்னொருவருடையது என்பதால் சற்று நிதானமாகவே யோசித்தேன்.

பழமையை மறுபடி விலைக்கு வைப்பது பைத்தியக்காரத்தனம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2022-ஆம் வருஷம் 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. குறுந்தகடுகள் விற்றது 3 கோடியே 30 லட்சம். 1987-க்குப் பிறகு தட்டு குறுந்தகட்டை முந்தியது அதுவே முதல் தடவை. செத்தது என்று எழுதிவைத்த ஆசாமி எழுந்து வந்து, தன் வாரிசை ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த கதை இது. நம் தேசத்திலே 2017-ல் 'கார்வான்' என்ற பாட்டுப் பெட்டி வந்து லட்சக்கணக்கில் விற்றது. தமிழ்நாட்டில், 1964-ல் வெளிவந்த 'கர்ணன்' படத்தை 2012-ல் புதுப்பித்துத் திரையிட்டார்கள். சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது. 2004-ல் வந்த 'கில்லி'யை 2024-ல் மறுபடி வெளியிட்டபோது புதுப் படத்துக்குக் கூடுவதைப் போல் கூட்டம் கூடியது.

இதையெல்லாம் பழமை மோகம் என்று ஒரே மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டுவிடுகிறோம். மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே ஜாதிச் சரக்காக இல்லை. அதைப் பிரித்துச் சொல்வதற்குத்தான் விமர்சனம் என்று ஒரு தொழில் இருக்கிறது.

முதலில் கார்வானை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு அது அந்தக் காலத்து வானொலிப் பெட்டி. திருகுவதற்குக் குமிழ் இருக்கிறது. முன்புறம் அதற்கேற்ற வலை முகமும் உண்டு. உள்ளே இருப்பதோ இந்தக் காலத்துச் சில்லு. முதலில் வந்த பெட்டியில் 5,000 பழைய ஹிந்திப் பாட்டுகள் இருந்தன. அப்புறம் தமிழுக்கும் ஒரு பெட்டி வந்தது. இதைச் செய்த ஸரிகம என்ற கம்பெனி புதுக் கம்பெனி அல்ல. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைத் தட்டில் ஏற்றிய கிராமபோன் கம்பெனியின் வாரிசு. குழாயின் முன்னால் நாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் படத்தை நம் தாத்தாக்கள் அறிவார்கள்.

இந்த வியாபாரத்தில் இரண்டு சாமர்த்தியங்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பாட்டுகளின் உரிமை ஏற்கனவே கம்பெனியின் கையில் இருந்தது. களஞ்சியத்தில் கிடந்த நெல்லையே அளந்து போட்டார்கள். இன்னொன்று, கைபேசியில் பாட்டைத் தேடி எடுக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த வயோதிகர்களை அவர்கள் கண்டுபிடித்தார்கள். குமிழைத் திருகினால் பாட்டு வரவேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெற்றோருக்குப் பரிசாகக் கொடுக்க வாங்கிய பிள்ளைகளும் பெண்களுமாகத்தான் இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். ஆகவே அங்கே விலைபோனதில் பழமை பாதி. பிள்ளைகளின் வாஞ்சை பாதி. பெட்டியின் பழைய தோற்றத்தை மட்டும் பார்த்து, அதே மாதிரி ஒன்று செய்து விற்கலாம் என்று புறப்படுகிறவன், யானையின் தும்பிக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு யானை வாங்கப் போகிறவன்.

நான் அந்தப் பெட்டியைக் குறை சொல்லவில்லை. ஒரு கிழவருக்குப் பிற்பகல் பொழுது பாட்டோடு கழிகிறது என்றால் அது பெரிய புண்ணியம். ஆனாலும் ரசனை என்ற கோணத்தில் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. 5,000 பாட்டுகள் தாமாகவே வந்துகொண்டிருக்கும்போது, காதுக்கு வேலை இருக்கிறது. மனசுக்கு வேலை இல்லை.

இங்கே என் கேஸட்டுப் பருவத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாட்டுப் பதிந்து தருகிற கடை ஒன்று இருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்து நாடா என்றால் பக்கத்துக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு பாட்டு. எங்கள் வீட்டு வரும்படிக்கு வருஷத்தில் இரண்டு நாடா கட்டுப்படியாகும். அந்தப் பன்னிரண்டு பாட்டுகளைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாட்டை என்னென்பது! ஒன்றை எழுதுவேன், அடிப்பேன், அடித்ததையே திரும்ப எழுதுவேன். இந்தப் பாட்டுக்கு அடுத்து அது வரலாமா, கூடாதா என்று தங்கையோடு சண்டை பிடிப்பேன். இப்போது நினைத்துப் பார்த்தால், நான் எழுதிய முதல் விமர்சனக் கட்டுரை அந்தத் துண்டுச் சீட்டுதான்.

இதைச் சொன்னதும், ஆஹா, அந்தக் காலம் அந்தக் காலம்தான் என்று யாராவது பெருமூச்சு விடலாம். வேண்டாம். அந்த நாடா இயந்திரத்தில் சிக்கிக்கொண்டு குடல் சரிந்தாற்போல் வெளியே வந்துவிடும். பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்து அரை மணி நேரம் சுற்ற வேண்டும். சுற்றிய பிறகு, பாடகருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். அந்தத் துன்பமெல்லாம் திரும்பி வரவேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். வறுமையை ரசனை என்று பெயர் மாற்றிக் கொண்டாடுவது, வறுமையில் வாழ்ந்தவர்கள் செய்யக்கூடாத காரியம். நான் இழந்தது நாடாவை அல்ல. தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயத்தைத்தான் இழந்தேன். அதை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள்.

ஆனால் இசைத்தட்டு வாங்குகிறவர்கள் அதைத்தான் எப்படியோ வாங்கிக்கொள்கிறார்களோ என்று தோன்றுகிறது. வாங்குகிறவர்களில் இளவட்டங்கள் ஏராளம். தட்டு சுழன்ற காலத்தில் அவர்கள் பிறக்கவே இல்லை. பிறக்காத காலத்தைப் பற்றி ஏக்கம் எங்கிருந்து வரும்? அவர்களுக்கு அது புதுப் பொருள். நெடுநேரத் தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிஷத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். பாட்டு கையில் கனக்கிறது. அதற்கு ஒரு முகம் இருக்கிறது. அலமாரியில் அதற்கு ஓர் இடம் வேண்டும். எல்லாப் பாட்டும் எல்லா நேரமும் கிடைக்கிற காலத்தில், ஒரு பாட்டுக்காக எழுந்து நடப்பது அவர்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது.

இந்தத் தட்டு வியாபாரத்தில் 2020-ல் நடந்த ஒரு சம்பவத்தை என் நண்பர் கவனிக்க வேண்டும். தட்டு வார்ப்பதற்கு முன்னால், அரக்குப் போன்ற பூச்சுப் பூசிய அலுமினிய வட்டில் ஒன்றில் பாட்டைக் கீறிக்கொள்வார்கள். அதிலிருந்துதான் அச்சு எடுப்பது. இந்த வட்டிலைச் செய்துகொண்டிருந்தவை உலகத்தில் இரண்டே தொழிற்சாலைகள்: ஒன்று அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இருந்த அப்பல்லோ, மற்றது ஜப்பானில். 2020 பிப்ரவரியில் அப்பல்லோ தீப்பிடித்து எரிந்துபோயிற்று. கடையில் தட்டுக்குக் கிராக்கி ஏறிக்கொண்டே போகிறது; அடியில் அந்தத் தொழிலைத் தாங்கிய இரண்டு கால்களில் ஒன்று ஒடிந்துவிட்டது. மோகம் ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிடும். கைத்திறமை அப்படி வராது. செய்யத் தெரிந்தவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், அல்லது போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இனி 'கர்ணன்'. பி. ஆர். பந்துலு 1964 பொங்கலுக்கு வெளியிட்ட படம். சிவாஜி கணேசன் கர்ணன், என். டி. ராமராவ் கிருஷ்ணன், விஸ்வநாதன் - ராமமூர்த்தி சங்கீதம். கொட்டிய செலவுக்கு அன்று வசூல் போதவில்லை என்று சொல்வார்கள். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து அதே படம் சக்கைப் போடு போட்டதற்குப் பழைய ரசிகர்களின் உற்சாகம் மட்டும் காரணமாக இருக்க முடியுமா? முதல் வாரம் மாலை போடுவதற்கும் கற்பூரம் கொளுத்துவதற்கும் அவர்கள் வந்திருக்கலாம். 100 நாள் கொட்டகையை நிரப்ப ஞாபகம் மட்டும் போதாது. தன் பிறப்பு தெரியாத ஒருவன், தன்னை மதித்தவனுக்காகத் தெரிந்தே தோற்கிற கதை அது. அந்தக் கதைக்கு வயது இல்லை. அந்த வசனமும் நடிப்பும் இன்றைக்கு உரத்துத்தான் ஒலிக்கின்றன, மறுக்கவில்லை. உரத்துச் சொல்ல வேண்டிய துக்கம் உள்ளே இருப்பதால், கேட்கிறவன் பொறுத்துக்கொள்கிறான். சில இடங்களில் பொறுத்துக்கொள்வதோடு நிற்காமல் கண்ணையும் துடைத்துக்கொள்கிறான்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் எனக்குக் கிடைத்தது. பழைய பொருள் ஒன்று திரும்பி வருகிறபோது, அதைப் பற்றிய ஞாபகமே இல்லாத ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவருக்கும் பிடித்தால் அது உயிரோடு இருக்கிறது. ஞாபகம் உள்ளவருக்கு மட்டும் பிடித்தால், அவர் தம் சிறு வயதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார். அந்தச் சரக்கு ஒரு தடவைதான் விற்கும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பழமை வியாபாரம் எதைத் திரும்பக் கொண்டுவருகிறது? எல்லோருக்கும் ஞாபகம் இருப்பதை! மறந்துபோனதைத்தானே மீட்க வேண்டும்? மறந்துபோனதற்குக் கிராக்கி இல்லை. 1931-ல் வந்த 'காளிதாஸ்' தமிழ் பேசிய முதல் படம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அதை இன்று யார் எத்தனை கோடி கொடுத்தாலும் திரையிட முடியாது, பிரதி இல்லை. அதற்கு முன்னால் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படம் 'கீசக வதம்'. அதுவும் போய்விட்டது. லாபம் வருமா என்று கேட்காமல் யாரோ ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தால்தான், பிற்பாடு லாபக்காரர் வந்து புதுப்பிக்க முடியும்.

அப்படிப்பட்டவர்கள் சிலர் இருந்தார்கள். 'கர்ணன்' வெளிவந்த அதே 1964-ல்தான் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது. அங்கே பி. கே. நாயர் என்ற மனிதர் வாழ்நாளெல்லாம் படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். நம் செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களை மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புஸ்தகம், கல்யாணப் பத்திரிகை என்று, மற்றவர்கள் பொட்டலம் கட்டக் கொடுத்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் காலமான பிறகு அந்தச் சேகரம் சென்னைக்கு வந்து ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. இன்றைக்குக் கடைச் சுவரில் பழைய சினிமா நோட்டீஸை அலங்காரமாக மாட்டுகிறவர்கள், இப்படிச் சேர்த்து வைத்த கைகளுக்கெல்லாம் கடன்பட்டவர்கள். லாபத்தில் ஒரு பங்கு அந்தப் பக்கம் திரும்பினால் நியாயமாக இருக்கும். திரும்பும் என்று நம்ப எனக்கு ஆசைதான்.

நண்பர் நேற்று மறுபடி வந்தார். மேலே எழுதியதைச் சுருக்கிச் சொன்னேன். "அப்படியானால் கடை வேண்டாம் என்கிறீர்களா, ஸார்?" என்று கேட்டார்.

"கடை வைக்க வேண்டியதுதான். சுவரொட்டியையும் வானொலிப் பெட்டியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கமர்கட்டுக் காய்ச்சத் தெரிந்த கையைத் தேடுங்கள். வெல்லப்பாகில் தேங்காயைப் போட்டுக் கிளறி, எந்தப் பதத்தில் இறக்கி உருட்ட வேண்டும் என்று தெரிந்த கிழவிகள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு நல்ல கூலி கொடுத்து, அவர்கள் பக்கத்தில் ஓர் இளம் பெண்ணையும் கற்றுக்கொள்ள உட்கார வையுங்கள். செய்ததை உங்கள் பேத்தியிடம் கொடுத்துப் பாருங்கள். இதைத்தான் நான் சின்ன வயசில் தின்றேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்."

அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எங்கள் பெரியம்மா ஊரில் ஒரு பாட்டி இருந்தாள், இப்போது இருக்கிறாளோ என்னவோ என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்.

கடை திறந்தால் முதல் நாள் நான் நிச்சயம் போவேன், அது சிநேகிதத்துக்காக. மறுநாளும் போவேனா என்பது அந்தப் பாட்டியின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது.