வேதாளத்தின் முகம்

மாயக்கதை ஒன்றைச் சொல்லிப் பிள்ளைகளை வரையச் செய்வது வகுப்பறைகளில் பரவிவரும் நல்வழக்கம். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கு இஃது இருமடங்கு பயன் தரவல்லது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகட்குத் தமிழ்க்கதை பெரும்பாலும் செவிவழியே வந்து சேர்கின்றது. கேட்டது கைவழியே வெளிப்படுமாயின் நெஞ்சில் தங்கும். ஆயினும் அது நடைபெறும் முறையில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு.

அண்மையில் ஒரு தமிழ் வகுப்பில் விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டிருந்தோம். ஆசிரியை அதனை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, அச்சிட்ட கோட்டுப்படத் தாள்களை வழங்கினார். தோளில் பிணம், கையில் வாள். அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் தீட்டிய அதே கோலம். பிள்ளைகள் வண்ணம் நிரப்பினர். தாள்கள் யாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல் இருந்தன.

1947இல் தோன்றிய அவ்விதழ் நின்றுபோன பின்னும், சங்கரின் வேதாளமே நம் தலைமுறையின் வேதாளம். அவர் கலையை நாம் குறை கூறவில்லை. சங்குமுகத்தில் கானாயி குஞ்ஞிராமன் படைத்த சாகரகன்யகையைக் கண்ட பிள்ளை, கடற்கன்னி என்றதும் அதனையே வரைவதும் இயல்புதான். கண்ணில் பட்டது கையில் வரும். அதனாலேயே, வகுப்பறையும் முந்திக்கொண்டு ஒரு முகத்தைத் திணிக்க வேண்டுமா என்று கேட்கிறோம்.

ஆலிசின் கதையை 1862இல் படகில் சிறுமியர்க்கு வாய்மொழியாகச் சொன்ன லூயி கரோல், பின்னர் அதனைக் கையால் எழுதி, 37 படங்களையும் தாமே வரைந்து 1864இல் ஆலிசுக்கு அளித்தார். மறு ஆண்டு அச்சேறிய நூலில் டென்னியலின் ஓவியங்கள் இடம்பெற்றன. தேர்ந்த ஓவியர் வந்தது பிறகுதான்.

கதையை நிறுத்தி, முழுமையாகச் சொல்லுங்கள், வெற்றுத்தாள் கொடுங்கள், வரைந்ததைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள், சங்கரை அதன்பின் காட்டுங்கள். இதுவே நம் வேண்டுகோள்.

அவ்வகுப்பில் ஒரு சிறுவன் மட்டும் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் தன் வீட்டுக் கொல்லை முருங்கையை வரைந்திருந்தான். காய்களுக்கு நடுவே, காயைப் போலவே ஒடுங்கித் தொங்கிற்று வேதாளம். ஏனென்று கேட்டோம். அரசனுக்கு எது காய், எது பேய் என்று தெரியக்கூடாதாம். பாதி மலையாளத்தில் தொடங்கியவன், தட்டித் தடுமாறித் தமிழிலேயே சொல்லி முடித்தான். ஆசிரியை வந்து தாளைத் திருப்பி வைத்து, வாளுக்கு இன்னும் வண்ணம் தீட்டவில்லையே என்றார்.