தாங்குதலா, சுமத்தலா?

ரோமர் 15:1இல் பவுலடியார் வலியோர்க்கு விதிக்கும் கடமையை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘தாங்குதல்’ என்கிறது. அருளுரைகளோ பெரும்பாலும் அதைச் சகித்துக்கொள்ளுதல் என்றே விரிக்கின்றன. இது போதாது. மூலத்திலுள்ள ‘பஸ்டாசோ’ என்ற கிரேக்க வினையே கலாத்தியர் 6:2இல் பிறர் பாரத்திற்கும், யோவான் 19:17இல் ஆண்டவரின் சிலுவைக்கும் வருகிறது. அவ்விரு இடங்களிலும் அதே மொழிபெயர்ப்பு ‘சுமத்தல்’ என்றே கூறுகிறது. சகிப்பவர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். சுமப்பவர் குனிந்தாக வேண்டும்.

பவுல் குறிக்கும் பலவீனர் உணவைக் குறித்து மனச்சாட்சி கலங்கியவர்கள் (14ஆம் அதிகாரம்). அவர்களை உடனே ஏழைகளாக்கிவிடும் பிரசங்கமும் அவசரமானதே. ஆயினும் தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்தல் என்னும் அளவுகோல் இரண்டிற்கும் பொருந்தும்.

மதுரையில் இதற்கு உதாரணம் தேடுவோர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை (1887–1938) நினைவுகூரலாம். செங்கன்னூரில் பிறந்த இக்கிறிஸ்தவர், பிறப்பாலேயே குற்றவாளிகள் என முத்திரையிடப்பட்ட பிரமலைக் கள்ளருக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகைகளில் எழுதினார். அச்சட்டத்தை எதிர்த்தோர்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அம்மக்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தனர். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல். அதைக் காண அவர் உயிரோடில்லை. ‘பலவீனர்’ யார் என்று வலியோரே தீர்மானிக்கும் நம் அருளுரைகள் இவ்வழக்கை வாசிப்பது நலம்.